ரெலிக்ட்

சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பாதி என் ஆபீஸ்.
பழைய இங்கிலீஷ் பத்திரங்களைத் தமிழாக்கித் தருகிறேன்.
பக்கத்துக்கு நூற்றைம்பது,
செல்லரித்த பக்கம் என்றால் இருநூறு.

மே மாதம்.
ஃபேன் காற்றில் பறந்துவிடாதிருக்க
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டின் மேல்
செல்போனை வைத்திருந்தேன்.
"லேட் வஜ்ரவேலுவின் ரெலிக்ட், அங்காளம்மாள்"
என்றது பத்திரம்.

லேட் தெரியும்.
நம் கல்யாணப் பத்திரிகைகளில்கூட
இறந்தவர்கள் தாமதமாகத்தான் வருகிறார்கள்.
மெஸ்ஸுவேஜ் தெரியும், வீடும் மனையும்.
ஹியரின்பிஃபோர் தெரியும், மேற்படி.
பதினெட்டு வருஷத்தில் இதைப் பார்த்ததில்லை.

அகராதியில் பொடி எழுத்தில் 'பழவழக்கு' என்று போட்டு
ஒன்று: விதவை.
இரண்டு: தண்ணீர் பின்வாங்கியதால் வெளிப்பட்ட நிலம்.
மூன்றாவது ஏதோ செடி,
இனமெல்லாம் அழிந்தபின்
ஒரே ஒரு மலையில் தங்கிப்போனது.

மனைவி போனபின் நிற்கும் ஆணைச் சொன்னதாக
ஒன்றிரண்டு உதாரணம் தேறினால் அதிகம்.
அவனுக்குத் தன் பெயரே போதுமாயிருந்திருக்கும்.

எதிரே ஸ்டூலில் பூங்காவனம்.
விருதம்பட்டில் ஆற்றோரம் முப்பது சென்ட்,
பங்காளித் தகராறு, அடுத்த வாய்தா திங்கட்கிழமை.
"இன்னா எழுதிக்கீது அந்தம்மா பத்தி?"

"புருஷன் போய், மிச்சமானவங்கன்னு."

"அவன் போனா இவ மிச்சமா?
நேத்து சோறாட்டமா?"
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"எம் புருசன் சாகல.
லாரிய எடுத்துக்கினு ஓசூர் பக்கம் பூட்டான்.
ஒம்போது வருசம்.
உசுரோட உட்டுட்டுப் போனா
அதுக்கு இன்னா வார்த்த வச்சிக்கிறான் வெள்ளக்காரன்?"

அகராதியை மறுபடி புரட்டினேன்,
முகத்தை மறைத்துக்கொள்ள.

காட்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன்.
பாலத்துக்குக் கீழே
மணலும் சீமைக்கருவேலமும் லாரித் தடமும்.
பாலாறு என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.
இரண்டாம் பொருளைத் தினம் இருமுறை
டிக்கெட் வாங்கிக் கடந்திருக்கிறேன்.

விதவை என்று எழுதி அடித்தேன்.
கைம்பெண் என்று எழுதி அடித்தேன்.
வெளியே வேப்பமரத்துக் காக்கை
வக்கீல் முஷ்டாக்கின் புல்லட் சீட்டில்
எச்சமிட்டது.

எச்சம்.
பரீட்சையில் இரண்டு மார்க்.
வந்து, நின்று, இழந்து
என்று முடியாமல் நிற்பவை;
பின்னால் ஒரு வினை வந்தால்தான்
அவற்றுக்கு மூச்சு.

இங்கிலீஷ் பத்திரத்தில்
வாங்கியது முதல் வரியிலேயே முடிந்துவிடுகிறது.
அதன்பிறகு மூன்று முழ நீளத்துக்கு எல்லை, கிணறு, தென்னை.
தமிழில் அவள் கடைசிவரை நடந்தாக வேண்டும்.
எழுதினேன்:

காலஞ்சென்ற வஜ்ரவேலுவுக்குப் பின்
எஞ்சி நின்ற அங்காளம்மாள்,
தெற்கே பாலாறு, வடக்கே வண்டிப்பாதை,
கிழக்கே சாயபு தோப்பு, மேற்கே வாய்க்கால்,
இந்நான்கெல்லைக்கு உட்பட்ட புஞ்சையையும்
கிணற்றில் பாதியையும்
காய்க்கும் தென்னை நான்கையும்
வெள்ளி ரூபாய் எண்பத்தைந்து
சாட்சிகள் முன் எண்ணிக் கொடுத்து,
இடது கைப் பெருவிரல் பதித்து,
கிரயம் வாங்கினாள்.

படிக்கச் சொல்லிக் கேட்டாள் பூங்காவனம்.
கண்ணை மூடி எல்லைகளுக்குத் தலையாட்டினாள்,
ஆற்றுக்கு மட்டும் ஆட்டவில்லை.
"கடைசி வார்த்தய இன்னொரு வாட்டி."

"வாங்கினாள்."

இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள்.
ஐம்பது சில்லறை இல்லை என்றேன்.
"வச்சிக்கோ," என்றாள்,
"செல்லரிச்ச பக்கந்தானே."