ஆறும் ஏழும்

மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
பிள்ளைகள் பதினெட்டு.
பெரியவர்கள் பன்னிரண்டு, சரோஷினியும் வந்தால்.
வரமாட்டாள்.
புரட்டாசி முடிய இன்னும் ஒரு சனிக்கிழமை பாக்கி,
ஆகவே கோழி கிடையாது. முட்டையில்லாத கேக்.
சமோசாவுக்குள் உருளைக்கிழங்கும் பட்டாணியும்.
ஸாஹித்தின் அம்மாவுக்கு இதில் நிம்மதி,
எதையும் விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பலாம்.
லுதாண்டோவுக்குத்தான் தாங்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கிறான்:
"ஒரே ஒரு விங்ஸ் கூடவா இல்லை, ஆன்ட்டி?"

குதிக்கிற காற்றுக்கோட்டை எழுநூறு ரேண்ட்.
அதை நிறுத்த முற்றம் போதாது,
அவகாடோ மரத்தின் தாழ்ந்த கிளையை வெட்ட வேண்டும்.
வெட்டுகிறவர்
என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து
பேரம் பேசுகிறான் தேஷலன்.
அவனுக்கு இன்னும் ஆறே ஆகவில்லையாம்.
போன வருஷம் கேக் வெட்டவில்லை,
மெழுகுவர்த்தி ஊதவில்லை, யாரும் பாடவில்லை.
பிறகு ஐந்திலிருந்து ஏழு எப்படி வரும்?
கணக்கு நோட்டைக் கொண்டுவந்து விரிக்கிறான்.
வரிசையில் ஓர் எண் விட்டுப்போன இடத்தில்
டீச்சரின் சிவப்புச் சுழி.

வருஷம் திரும்பாத வீட்டில் கொண்டாடக் கூடாது, கண்ணா.
சொன்னேன்.
"வயசுக்கு அது தெரியுமா?" என்றான்.

நாற்காலி முப்பது.
மொகம்பரி அங்கிளின் எண்
என் போனில் 'கூடாரம்' என்ற பெயரில் இருக்கிறது.
சாட்ஸ்வர்த்தில் எங்கள் யூனிட் முழுக்க
கல்யாணமோ கருமாதியோ அவருடைய வெள்ளைப் பிளாஸ்டிக்தான்,
முதுகில் நீலப் பெயின்டில் எண் போட்டது.
நாற்பத்து மூன்றில் கால் கொஞ்சம் ஆடும்.
அன்று நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் குரல் கேட்டதும் அவர் குரல் தணிந்தது.
"யாரும்மா?"
எப்போதும் இங்கிலீஷ் பேசுகிறவர்.
சாவு கேட்கும்போது மட்டும் தமிழ் வரும்.
"எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

பிறந்தநாள், அங்கிள். சின்னவனுக்கு.

அந்தப் பக்கம் ஒரு லாரி பின்னால் வரும் பீப் பீப்.
பிறகு சிரிக்க ஆரம்பித்தார்,
சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி,
"முருகா, முருகா, நானே கழுவி அனுப்பறேன்" என்றார்.
அவரிடம் மஞ்சளில் குட்டி நாற்காலிகள் இருபது உண்டாம்.
ஏதோ ஒரு நர்சரியை மூடியபோது வாங்கிப் போட்டது.
இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லையாம்.
வாடகை எவ்வளவு என்றேன்.
லாரி சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை,
அல்லது கேட்டது.

பேக்கரிப் பெண்ணிடம் ஆறு ஒன்று, ஏழு ஒன்று என்றேன்.
"இரட்டைப் பிள்ளைகளா? வயசு வேற வேறயா இருக்கே?"
ஒருவன்தான்.
அவள் பேனாவை வைத்துவிட்டு
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு, ஆறு நம்பர் மெழுகுவர்த்தி ஸ்டாக் இல்லை,
ஒன்பதைத் தலைகீழாகக் குத்தினால் போதுமா என்றாள்.
போதும்.

ஆக, இரண்டு மணிக்கு ஆறு. இரண்டரைக்கு ஏழு.
நாலு மணிக்குக் கரண்ட் போகும் என்கிறது அட்டவணை,
அதற்குள் கோட்டையின் காற்றை இறக்கிவிடலாம்.
அரைமணி நேரம் ஆறாக இருந்து
என்னடா செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.
தீப்பெட்டியைத் திறந்து காட்டினான்.
உள்ளே பஞ்சில் முன்பல்.
ஆறு வயசில் விழுந்ததாம். ஒருத்தரும் பார்க்கவில்லையாம்.
பதினெட்டுப் பேரையும் வரிசையில் நிற்க வைத்துக்
காட்டப் போகிறான்.
தொடக் கூடாது.

ரசீதில் இடம் தீர்ந்துவிட்டது.
ஓரத்தில், காகிதத்தைத் திருப்பி எழுதுகிறேன்:
கிளை, நான்.
ரம்பம் கராஜில், அவருடைய பூட்ஸுக்குப் பின்னால்.
ஸ்ட்ரா வாங்க வேண்டும்.