அரை சென்டிமீட்டர்

காலை எட்டுக்கு ஒரு முறை,
மாலை ஐந்துக்கு ஒரு முறை
ஆற்றின் உயரத்தை எழுதுவது என் உத்தியோகம்.
கரையோரம் நட்ட இரும்புக் கோல்,
அதில் கறுப்பும் மஞ்சளுமாய்க் கோடுகள்,
ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில்.
லே அலுவலகத்துக்கு
வயர்லெஸ்ஸில் எண்ணை மட்டும் சொல்வேன்.
அந்தப் பக்கத்துக் குரல் "சரி" என்னும்.
பதினோரு வருஷமாக அந்தக் குரலுக்கு முகம் கிடையாது.

யாங்ஸ்கித் ஜூனில் வந்தாள்,
சாலைக்குக் கல்லுடைக்கும் கூட்டத்தோடு.
ஷிப்டு முடிந்ததும்
என் கோலுக்கு இருபதடி மேலே,
ஆறு கொஞ்சம் தயங்கி நிற்கும் இடத்தில்
பாறைமேல் குந்தி
ஒரு பலகையால் தண்ணீரை அறைவாள்.

துணி துவைக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.
கிட்டப் போனால்
பலகையின் அடியில் பித்தளை வார்ப்பு:
வரிசைக்கு ஏழாக ஐந்து வரிசை,
கட்டைவிரல் நகமளவு புத்தர்கள்,
குழிவாக, உள்ளும் வெளியும் இடம் மாறி.
ஓங்குகிறாள், பதிக்கிறாள், எடுக்கிறாள்.
முப்பத்தைந்து முகம்
ஒரு கணம் ஆற்றில் இருந்திருக்கும்.
நான் பார்க்கவில்லை.
அவளும் பார்த்ததில்லையாம்.

"நீர்மேல் எழுத்து" என்றேன். ஏளனம்தான்.
"ஆமாம்" என்றாள், பாராட்டு வாங்கியவள்போல.
"யார் படிப்பார்கள்?"
மீன், என்றாள். மீனைக் கொத்தும் பறவை.
கீழே எங்கோ மடை திறப்பவன்.
காகிதத்தில் அச்சடித்தால்
எழுத்துத் தெரிந்தவனோடு நின்றுவிடும்,
இது தாகம் தெரிந்த எதற்கும் போகும்.
பிறகு என் நோட்டைத் தாடையால் சுட்டினாள்:
"அதை யார் படிப்பார்கள்?"

நல்லவேளை, மணி ஐந்து.
கோலைப் பார்த்தேன்.
நீர்மட்டம் நிற்கவில்லை.
அவள் ஒவ்வொரு முறை அறையும்போதும்
ஒரு வளையம் வந்து கோட்டில் ஏறி இறங்கியது,
அரை சென்டிமீட்டர்.

நான் பதுமில் பள்ளிவாசல் தெருக்காரன், நஸருல்லா.
எங்கள் வீட்டுச் சுவரில் உருவம் எதுவும் கிடையாது,
அப்பாவின் புகைப்படம்கூடப் பெட்டிக்குள்தான்.
ஆனால் அளவு அளவுதான்.
இரண்டு மீட்டர் பதினான்கு என்று எழுதி,
பென்சிலை எடுக்காமல் நின்று,
பக்கத்தில் அரையையும் சேர்த்தேன்.
நடந்தது நடந்ததுதானே.

ஆகஸ்டில் பனி உருகி ஆறு பெருத்தது.
பாறை வழுக்கியது.
கயிறு கொண்டுவந்தாள், கட்டத்தான் இடமில்லை.
"பலகையைத் தொட வேண்டாம்,
இந்த நுனியைப் பிடித்தால் போதும்."
அரசாங்கக் கோலில் ஒரு சுற்றுச் சுற்றி
மிச்சத்தை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.
ஒவ்வொரு அறைக்கும் கயிறு லேசாக இழுத்தது,
பேசிக்கொண்டே போகிறவர்
"கேட்கிறாயா?" என்று நடுவில் தொடுவாரே, அப்படி.

சாலை அடுத்த வளைவுக்கு நகர்ந்தது,
கூட்டமும் போயிற்று.
பாறையில் எதுவும் இல்லை,
கொஞ்சம் கயிற்று நாரைத் தவிர.
இந்தத் தண்ணீர் சிந்துவில் சேரும்.
நிறுத்திப் பெயர் கேட்க ஆளில்லாமல் எல்லையைத் தாண்டும்.
கோதுமையில் ஏறி, ரொட்டியாகி,
யார் வாய்க்கோ.
இதெல்லாம் சும்மா ஒரு நினைப்பு.
என் நோட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

நேற்று மாலை எண்ணைச் சொன்னேன்.
குரல் "சரி" என்றது. பிறகு போகவில்லை.
"ஜூன் கடைசியிலிருந்து உன் மாலைக் கணக்கு எல்லாவற்றிலும்
ஒரு அரை ஒட்டிக்கொண்டிருந்தது.
இப்போது இல்லை. கோல் பழுதாகியிருந்ததா?"

ஆக, படித்திருக்கிறான்.

"கோல் சரியாகத்தான் இருந்தது."
"பின்னே?"
பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றேன்.
ஆற்றின் இரைச்சல் அவனுக்குக் கேட்டிருக்கும்.
"ஒரு பலகை" என்று ஆரம்பித்தேன்,
"வரிசைக்கு ஏழு..."

முடிக்கும்வரை
அவன் "சரி" என்று சொல்லவேயில்லை.