பன்னிரண்டரை முதல் மூன்று வரை

சஜாவில் ஒரு கம்பி யார்டு.
ஆறு கேமரா, ஒரு ரெக்கார்டர், நான்கு டிபி டிஸ்க்.
ஏணி பிடிக்க முடியப்பனை அனுப்பினார்கள்.
ஏணியின் நிழல் ஒரு கை அகலம்,
அதற்குள் எப்படியோ நின்றுகொண்டு
பிடித்தான்.

கண்டெய்னர் ஆபீஸில் தேவவரம் சார் சொன்னார்:
"ராத்திரி ஏதாவது அசைஞ்சா மட்டும் பிடிக்கணும்.
போன மாசம் வெல்டிங் கேபிள் போச்சு."

எது அசைவு என்று
நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.
உணர்திறன் எண்பது:
வேலியில் சிக்கிய பிளாஸ்டிக் பை
ஒரே மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை திருடனானது.
நாற்பதுக்கு இறக்கினேன்:
முடியப்பன் யார்டைக் குறுக்கே நடந்து காட்டிவிட்டு
இல்லாதவனாகவே திரும்பி வந்தான்.
அறுபதில் நிறுத்தினேன்.
சாலை லாரிகளின் வெளிச்சம் விழும் கட்டங்களை அழித்தேன்,
பூனை ஏறும் மதிலையும்.

அசைவுக்கு முந்தின ஐந்து நொடியும் சேரும், சார்.
"நடக்கப்போகுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"
தெரியாது.
எப்போதும் ஐந்து நொடியைக் கையில் வைத்திருக்கும்,
ஒன்றும் நடக்காவிட்டால் விட்டுவிடும்.
"நல்ல பழக்கம்" என்றார்.

பிறகு அட்டவணை.
ஏழு வரிசை, இருபத்துநான்கு கட்டம்.
மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை மஞ்சள்: அசைந்தால்.
மற்ற நேரம் பச்சை: இடைவிடாமல்.
அவர் விரல் திரையில் வந்து நின்றது.
"பன்னெண்டரையிலிருந்து மூணு. இதை அழிச்சிடுங்க.
பிரேக் டைம், ஒருத்தனும் வெளியில இருக்கமாட்டான்.
டிஸ்க் எதுக்கு வீணா?"

கதவின் பின்புறம்
கோடை மதிய வேலைத் தடை அறிவிப்பு,
நான்கு மொழிகளில்.
தமிழ் அதில் இல்லை. ஒரு கடிகாரப் படம் இருந்தது.

அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.
வெளியே வளைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஏணியை மடக்கிவைத்துவிட்டு
கையுறை மாட்டிக்கொண்டு போன முடியப்பன்
மூன்றாம் கேமராவில் குனிந்திருந்தான்,
நேரலையில்.
நேரலை எங்கும் தங்காது.

அழித்தேன்.
மவுஸின் ஒரே இழுப்பு,
ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைப் பட்டை.
கையெழுத்து வாங்கினேன். ரசீது கிழித்துக் கொடுத்தேன்.
நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்று தந்தார், ஐஸ் கட்டியது.

எமிரேட்ஸ் ரோட்டில் ஏறின பிறகுதான் உறைத்தது.
இந்த ரெக்கார்டர் பெட்டியிலிருந்து வரும்போதே
பெய்ஜிங் நேரத்தோடு வரும்,
நமக்கு நான்கு மணி நேரம் முன்னால்.
மாற்றினேனா?
திரை மூலையில் மணி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும்.
அவர் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.
அல்லது பார்த்தேன்.

மாற்றவில்லை என்றால்
அதன் பன்னிரண்டரை நமக்குக் காலை எட்டரை.
வெள்ளைப் பட்டை
டீ வண்டி வருகிற நேரத்தின் மேல் விழும்.
நம் பன்னிரண்டரை அதற்கு மாலை நாலரை, பச்சை.
நம் இரண்டு மணிக்கு மஞ்சள் தொடங்கும்,
அசைந்தால்தான் பிடிக்கும்.
பிடிக்கும்.
அசையாமல் எவன் கம்பி வளைக்கிறான்?

யாராவது ஒருநாள் போட்டுப் பார்த்தால்
மாலை நாலரை என்றே மூலையில் சாதிக்கும்.
படத்தில் மட்டும்
ஒவ்வொருவன் நிழலும் அவனவன் பூட்ஸுக்கு அடியில் கிடக்கும்.
நிழலின் மணியை மாற்ற
எந்த மெனுவிலும் இடமில்லை.

போனிலிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்யலாம்,
ஒரு நிமிடம்.
பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது.
அடுத்த வேலை அஜ்மானில், பொம்மைக் கடை,
இரண்டே கேமரா.
சிக்னலில் போனைக் கையில் எடுத்தேன்.
பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.