கடையில் அது சாகவில்லை

மூன்று நாள் ஓட்டமாவடிக் கடையில் ஓடியது.
ஒருக்காவும் அணையவில்லை.

நினைவகப் பட்டையைப் பிள்ளைகளின் அழிறப்பரால் தேய்த்து
இடம் மாற்றி மாற்றிச் செருகினேன்.
வன்தட்டில் காது வைத்தேன், கிறீச்சிடவில்லை.
விசிறிக்குள்ளிருந்து ஒரு பல்லி முட்டை,
கூடவே
வாழைச்சேனைத் துறைமுகத்து உப்பில் ஊறிய
கறுப்புப் பஞ்சு, ஒரு கை.
மஞ்சள் வயரில் பன்னிரண்டு. சிவப்பில் ஐந்து.
ஆஸ்பத்திரி வாசலைக் கண்டதும் விட்டுப்போகிற காய்ச்சல் மாதிரி
என் முன்னால் அது நல்ல பிள்ளை.

கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன்.
அன்று பின்னேரமே கோல்:
"தம்பி, மறுகா செத்துப்போச்சு."

மீனவர் சங்கத்தில் யோகமலர் அக்கா
பதினாறு வருசமாக அதன் விசைகளைத் தட்டுகிறா.
பாதி விசையில் எழுத்தே இல்லை.
எந்தப் படகுக்கு எவ்வளவு டீசல் கடன்,
யாருடைய வலைக்கு எத்தனை தவணை,
எல்லாம் அதற்குள்.
யூபிஎஸ் ஒன்று இருந்தது. அது முன்னமே செத்து
இப்போது கதவுக்கு முட்டு.

"எப்பெப்ப அணையுது?"
வாய்ப்பேச்சுக்குத்தான் கேட்டேன்.
நினைத்த நேரம் என்பார்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.
அக்கா லாச்சியை இழுத்து
ஒரு சீஆர் கொப்பி எடுத்தா.
பென்சில் எழுத்து:

செவ்வாய் 9.10, 11.35.
புதன் 9.05, 2.50. சேமிக்கல்ல. ஏழு படகு போச்சு.
வியாழன் போயா. வந்து வேலை செய்தன். சாகல்ல.
வெள்ளி 9.10.

இப்படி நாலு மாதம்.
"ஏனக்கா இத முதல்லயே காட்டல்ல?"
"ஆரும் கேக்கல்லயே."

கதிரை போட்டு உட்கார்ந்தேன்.
பிளேன்டீ ஆறியது.
இரண்டே முக்காலுக்குக் குழல்விளக்கு
ஒருக்காக் கண்சிமிட்டியது,
மின்விசிறி அரைச்சுற்றுத் தயங்கியது,
சுவருக்கு அங்கால் ஐஸ் தொழிற்சாலை மோட்டர்
ஊங்கென்று எழும்பியது.
திரை கறுத்தது.

மோட்டரில் பழியைப் போட்டுவிட்டு எழும்பியிருக்கலாம்.
ஆனால் பதினாறு வருசமும் அதே மோட்டர்,
அதே சுவர், அதே கண்சிமிட்டல்.

மின்வழங்கிப் பெட்டியைத் திறந்தேன்.
பெருவிரல் மொத்தத்தில் இரண்டு கெப்பாசிட்டர்.
வீக்கமில்லை. கசிவில்லை.
உச்சந்தலை தட்டையாக, நேற்று வாங்கியவை போல.
உடம்பில் 470 என்று எழுதியிருந்தது.
மீட்டர் 118 என்றது.

மின்சாரம் இமைக்கிற அந்த ஒரு கணம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
முழுப் பெட்டியையும் தூக்கி நிற்பது இவைதான்.
தூக்கி நின்ற நாளெல்லாம் ஒருவருக்கும் தெரியாது.
கைவிட்ட நாளில்தான் பழுது என்று பெயர் வைத்தோம்.

அக்கா எட்டிப் பார்த்தா.
"வெளிய ஒண்டும் தெரியல்லயே."
"ஓமக்கா. தெரியாது."

புதுப் பெட்டி வாங்கத் தீர்மானம் வேணும்.
தீர்மானத்துக்குக் கூட்டம். கூட்டம் அடுத்த மாதம்.
கிரானில் இடி விழுந்து செத்த கணினியொன்று
என் மோட்டார்சைக்கிள் பெட்டியில் கிடந்தது;
தாய்ப்பலகை கரி, இந்த இரண்டும் மட்டும் உயிரோடு.
கழற்றி ஒட்டினேன். ஈயம் பெருவிரலைச் சுட்டது.

மறுகா இரண்டு பேரும்
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்,
மோட்டர் எழும்பட்டும் என்று.
இதுவரை அதைச் சபித்தவர்கள்.

எழும்பியது.
விளக்கு சிமிட்டியது. விசிறி தயங்கியது.
திரையில் படகுகளின் வரிசை அப்படியே,
நாற்பத்தோராவது படகின் பக்கத்தில்
சுட்டுக்கோடு துடித்துக்கொண்டு.

அக்கா சிரிக்கவில்லை. முதலில் சேமித்தா.

பில் எழுதினேன்.
பாவித்த கெப்பாசிட்டர் இரண்டு. ஒட்டுக் கூலி.
'பழுது கண்டுபிடித்தது' என்ற இடத்தில்
ஒன்றும் போடவில்லை.
அது என் காசு இல்லை.

நான் ஆணிகளைப் பொறுக்கும்போது
அக்கா பென்சிலைச் சீவினா:

திங்கள் 4.20. ஐஸ் மோட்டர். அஜ்வத் தம்பி இருந்தார்.
சாகல்ல.
நாளைக்கும் பாக்கவேணும்.