குதிகால்

நாங்கள் தைக்கிற பூட்ஸில்
குதிகாலுக்கு மேலே ஒரு சாம்பல் பட்டை வரும்.
பகலில் அது ஒன்றுமேயில்லை,
விளக்காத அலுமினியத் தட்டின் நிறம்.
டார்ச் அடித்தால் எரியும்.
நூற்றுக்கு ஒன்றை எடுத்துப்போய்
இருட்டறையில் அடித்துப் பார்ப்பார் இம்தியாஸ் சார்.
எரியாவிட்டால் மொத்தப் பெட்டியும் திரும்பி வரும்.
எந்தத் தேசத்திலோ
எவருடைய காலோ
ராத்திரியில் தெரிந்தாக வேண்டுமென்று
எழுதியே வாங்கியிருக்கிறார்களாம்.

இரண்டாம் ஷிப்ட் விடப் பத்தரை.
ஆம்பூரிலிருந்து சர்வீஸ் ரோடு,
அது தீர்ந்துபோனால் பெரிய ரோட்டின் ஓரம்.
எங்களுக்கு மின்னூர்.
பேரில்தான் மின்னல்.
திருப்பத்தில் கம்பம் உண்டு, விளக்கு இல்லை.
என் சைக்கிளும் அப்படித்தான்,
மட்கார்டில் ஓட்டை இருக்கிறது
சிவப்புக் கண்ணாடி எப்போதோ விழுந்துவிட்டது.
டைனமோ போட்டால் மிதிக்க முடியவில்லை,
எட்டு மணி நேரம் நின்ற கால்.

முனிரத்தினத்தை அடித்த வேன்காரன்
ஸ்டேஷனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்:
"கண்ணுக்கே தெரியல சார்."
பொய்யில்லை.
கம்பெனி யூனிபாரம் கருநீலம்.
அழுக்குத் தெரியக் கூடாதென்று கொடுத்த நிறத்தில்
ஆளும் தெரியவில்லை.
சைக்கிளில் விளக்கில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.
வேனில் இருந்த இரண்டில் ஒன்று எரியவில்லை,
அதை எழுதினார்களா, தெரியாது.
இப்போது அவன் தொடையில் ராடு.
"மழ வர்றத முன்னாடியே சொல்லுது" என்று சிரிக்கிறான்.

"நீயாச்சும் ஒரு லைட்டு மாட்டிக்கினு வரலாமில்ல?"
பக்கத்து மிஷின் நஸீமா கேட்டாள்.
அவளிடம் சொல்லவில்லை,
இருட்டை நான் வேண்டித்தான் வைத்திருந்தேன்.
போன ஆடியில் ஒருவன்
பைக்கின் ஹெட்லைட்டை அணைத்துவிட்டு
இஞ்சின் சத்தமாக மட்டும் என் பின்னால் வந்தான்.
தோப்புக்குள் சைக்கிளைச் சாய்த்து
தென்னை மட்டையோடு மட்டையாகக் கிடந்தேன்.
விழுந்துபோன சிவப்புக் கண்ணாடிக்கு
அன்று மனசுக்குள் நன்றி சொன்னேன்.
யாருக்குத் தெரியலாம், யாருக்குக் கூடாது
என்று எனக்கொரு கணக்கு உண்டு.
விளக்குக்கு அந்தக் கணக்கு வராது.

ஆனாலும் முனிரத்தினத்தின் கால்
தூக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

கழிவுக் கூடையில் விரலகலத் துண்டுகள்.
இரண்டை டிபன் பாக்ஸின் அடித்தட்டில் வைத்தேன்.
கேட்டில் கோட்டீஸ்வரி
எல்லார் பையையும் போல என் பையையும் திறந்தாள்.
டார்ச் வெளிச்சம் பட்டதும்
டப்பாவுக்குள்ளிருந்து அவள் மூக்குத்திவரை எரிந்தது.
மூடினாள்.
"ரெண்டு காலுக்கும் எடுத்துகினியா?"
நான் பேசவில்லை.
"நாளைக்கி எனக்கும் ரெண்டு எடுத்தா.
நானும் சைக்கிள்தான்."

கணுக்காலில் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.
ரோட்டோரம் அசையாமல் மின்னுவது எத்தனையோ,
மைல்கல், தடுப்புக் கம்பி, படுத்திருக்கும் நாயின் கண்.
ஏறி இறங்கி ஏறி இறங்கி மின்னுவது
மனுஷக் கால் ஒன்றுதான்.

இன்னொன்றும் பிறகுதான் பிடிபட்டது.
இந்தப் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது.
வெளிச்சம் கொண்டுவருகிறவனுக்கு
அவனுடையதையே திருப்பிக் கொடுக்கும்.
லைட்டை அணைத்துவிட்டு வருகிறவனுக்கு
அது வெறும் சாம்பல் துணி.
லைட்டைப் போட்டுக்கொண்டே வருகிற கெட்டவனை
என்ன செய்வதென்று
இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நேற்று பாலத்தைத் தாண்டும்போது
பின்னால் ஒரு லாரி, கர்நாடகா வண்டி.
என் கால் இரண்டும் தீப்பிடித்ததுபோல் எரிய
நான் குனிந்து பார்த்துக்கொண்டே மிதித்தேன்.
ஹாரன் அடிக்கவில்லை.
இண்டிகேட்டர் போட்டு
ஒரு ஆள் அகலம் ஒதுங்கிப் போனான்.
அவன் என் முகத்தைப் பார்த்திருக்க மாட்டான்.
வேண்டாம்.
கால் தெரிந்ததே.