பதினொன்றாவது வளைவு

புது பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துத் தியேட்டரில்
மலையாளப் படத்துக்குப் பதினேழு பேர்.
நர்ஸிங் காலேஜ் பெண்கள் எட்டு,
டயர்க் கடை மேத்யூஸ் குடும்பம் ஐந்து,
ஏசிக்காக வந்து தூங்கும் இருவர்,
பிரஸீதா, நான்.

எனக்கு மலையாளம் வராது.
ஒன்பது வருஷக் குடித்தனத்தில்
கோபம் வந்தால் அவள் தமிழில்தான் திட்டுவாள்.
எனக்குப் புரிய வேண்டுமல்லவா.
மலையாளம் அவளுக்குக் கணக்குப் போட,
குளிக்கும்போது தனியாக இருக்க,
பால் பொங்கினால் பதற.

கீழே ஓடும் இங்கிலீஷை நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள்
அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுகிறார்.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்குப்
பொடி வைத்துப் பற்றவைக்கிறவன் கண்ணுக்கு
அவ்வளவு வேகம் ஆகாது.
அதனால் அவள் என் காதில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கதை பெரிதில்லை.
ரப்பர் வியாபாரியின் இரண்டாவது மகள்
ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனோடு போய்விடுகிறாள்.
அதன் பிறகு அந்த வீட்டில்
ஏறக்குறைய ஒரு மணி நேரம் சாப்பிடுகிறார்கள்.
மீன் பரிமாறுகிறார்கள், மோர் ஊற்றுகிறார்கள்,
ஒரு நாற்காலியை மட்டும் யாரும் இழுப்பதில்லை.
"இப்ப என்ன பேசினாங்க?"
"உப்பு கம்மின்னு."
"இவ்வளவு நேரமா?"
"ம்."

இடைவேளைக்குப் பிறகு வயநாடு என்று போட்டார்கள்.
வயநாடாவது!
பலகைக்குப் பச்சைத் துணி போர்த்திவிட்டால் ஆயிற்றா?
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக் கொடி,
வளைவுச் சுவரின் கறுப்பு மஞ்சள் பட்டை,
எங்கள் ஏற்காட்டு ரோடு எனக்குத் தெரியாதா.
"பதினாலாவது கொண்டை ஊசி" என்றேன் சத்தமாக.
மேத்யூஸ் திரும்பிப் பார்த்தார்.
பிரஸீதா பார்க்கவில்லை.

அந்தச் சுவரோரம் நின்றுதான் மகள் போன் செய்கிறாள்.
அப்பா எடுக்கிறார்.
கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைக்கிறார்,
மறுபடி துடைக்கிறார்.
பிறகு,
"மோளே, நீ வா."

பிரஸீதா என் காதில் சொன்னாள்:
"வர வேண்டாம்னு சொல்றார்."

வா.
இதற்குமா எனக்கு ஆள் வேண்டும்?
நாய்க்குட்டியிலிருந்து சாமி வரைக்கும்
நாங்களும் இப்படித்தானே கூப்பிடுகிறோம்.
நர்ஸிங் பெண்கள் வரிசையாக மூக்கை உறிஞ்சினார்கள்.
திரையில் அந்த மனிதர் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு
மழையில் நின்றுகொண்டிருந்தார்.
"பாவம்" என்றேன்.
"ம்" என்றாள்.

வெளியே தட்டுவடை செட்.
பீட்ரூட் தூக்கலா, காரச் சட்னி கொஞ்சமா என்று
எனக்கும் சேர்த்து அவளே சொன்னாள்.
"படம் புரிஞ்சுதா?"
"நீ சொன்ன வரைக்கும்."
மென்றுகொண்டே தலையாட்டினாள்.

வண்டி அரிசிபாளையம் தாண்டும்போது
முதுகுப் பக்கமிருந்து குரல் வந்தது:
"பதினாலு இல்ல. பதினொண்ணு.
அங்கதான் டவர் கிடைக்கும்."

ரெஜிஸ்டர் ஆபீஸிலிருந்து நேராக
ஏற்காடு பஸ் ஏறிய நாள்.
யார் குழந்தையோ வாந்தியெடுக்க வண்டி நின்றது.
இவள் இறங்கிச் சுவரோரம் போனாள்.
ஷொர்ணூருக்கு ஒரு போன், நாற்பது நொடி இருக்கும்.
திரும்பி வந்து உட்கார்ந்து
சரிந்த மல்லிகையைக் குத்திக்கொண்டே என்னிடம் சொன்னது
இதே வாக்கியம்,
இதே குரல்.

நான் ஜன்னலுக்குள் இருந்தேன்.
எதிர்முனை எனக்குக் கேட்கவில்லை.