பெட்டி மாறிய விவரம்

அன்புள்ள எமிர் அவர்களுக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஜெயசீலி எழுதுவது.
முதலில் மன்னிப்பு.
அடுத்து மழை.

கணேசபுரம் சுரங்கப்பாதையில்
இடுப்பளவு தண்ணீர் நின்ற வியாழக்கிழமை
தலையில் ஒன்று தோளில் ஒன்றாய்
இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு
டில்லி இறங்கி நடந்தான்.
நான் மார்க்கரில் எழுதிய உங்கள் விலாசம்
அக்கரை ஏறுவதற்குள் ஊதாக் கறை.
ஒரே அளவு அட்டை, ஒரே பழுப்பு டேப்.
எதுப்பா ஃபாரின் என்று கேட்டிருக்கிறார்கள் கூரியரில்.
கனமானதைக் காட்டியிருக்கலாம்.
அதிகம் நனையாததைக் காட்டிவிட்டான்,
ஒரு மரியாதைக்கு.

அப்படித்தான்
ஏழாவது தெரு பிரதர்ஸ் ஃபுட்பால் டீமின்
மீடியம் சைஸ் மஞ்சள் பனியன்கள்
வேல்ஸ் போய்ச் சேர்ந்தன.

உங்கள் ஆர்டரை நாங்கள் லேசாக எடுக்கவில்லை.
அந்த டிராகனுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.
திரையில் பார்த்துவிட்டு மொய்தீன் பாய்
ரெக்கை முளைத்த ஓணானா என்றார்,
பிறகு, நல்லா கோவமா இருக்கு, விடாதே என்றார்.
உங்கள் ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம்.
தொடக்கத்திலேயே எல் இரண்டு.
நீங்கள் குரல் அனுப்பினீர்கள்:
ல சொல்லப்போகிற மாதிரி நாக்கை வைத்து
இரண்டு பக்கமும் காற்றை விடு என்று.
குக்கர் விசிலுக்கு முந்தின சத்தம்.
ஹீட் பிரஸ்ஸில் துணி வேகும்
நாற்பத்தைந்து நொடிக்கு நாற்பத்தைந்து நொடி
டில்லி அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.
பிறந்ததிலிருந்து ழ வராதவன்,
இன்றைக்கும் வாயப்பயம்தான்,
உங்கள் எல் மூன்றாம் நாள் வந்துவிட்டது.

நீங்கள் அனுப்பிய போட்டோவை
கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
சனிக்கிழமை மேட்ச், வேறு உடுப்பில்லை,
போட்டுக்கொண்டார்கள்.
முன்வரிசை ஆள் ஒருவருக்கு
முதுகு பிளந்து
மொய் ஒரு தோளில், தீன் ஒரு தோளில்,
நடுவே சேறு.
கீழே பீஃப் கடை என்பது மட்டும்
தையல் விடாமல் இருக்கிறது.
அது என் தையல்.

பின்னால் தெரியும் பச்சைக் குன்று அழகு என்று எழுதினேன்.
குன்று இல்லை, என்றீர்கள்.
சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டியது,
சுரங்கம் மூடி முப்பது வருஷத்தில் புல் ஏறிவிட்டது.
எங்களுக்குக் கொடுங்கையூரில் ஒன்று உண்டு.
இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
புல்லுக்கு அவசரமில்லை.

நீங்களும் கறிக்கடைக்காரர் என்பது
ஜெர்சியின் முதுகில் போடச் சொன்ன
பெயரைப் பார்த்துத்தான் தெரிந்தது.
மொய்தீன் பாயிடம் சொன்னேன்.
பின்னே பேங்க்காரனா கொடுப்பான் பந்து வாங்க,
என்று எலும்பு வெட்டிக்கொண்டே சொன்னார்.

இங்கே நடந்ததையும் கேளுங்கள்.
ஞாயிறு ஃபைனல், காலை ஆறரை,
பெட்டியைத் திறந்தால் உங்கள் சிவப்பு.
எங்கள் கோல்கீப்பர் கீர்த்திவாசனுக்கு முட்டி வரை வந்தது.
டிராகனின் வாலை அரைக்கால் சட்டைக்குள் செருகிக்கொண்டு
பதினோரு பேரும் இறங்கினார்கள்.
எதிர் டீம் ஐந்து நிமிடம் பயந்தது.
அதற்குப் பிறகு மூன்று கோல் போட்டது.

இந்த முறை துணிச் செலவு என்னுடையது,
கூரியரில் பாதி நீங்கள் தந்தால் போதும்.
விலாசத்தைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்,
நனைந்தால் கரையாது.
எக்ஸ் எக்ஸ் எல் என்பதை
நாங்கள் ஒரு எக்ஸ் கூட்டிப் புரிந்துகொண்டோம்.

இன்னொன்று.
பனியன் முதுகில் இருந்த நம்பருக்கு
செவ்வாய் ராத்திரி ஒரு போன்.
பின்னணியில் முப்பது பேர் பாடிக்கொண்டிருந்தார்களாம்,
ஒருவர் மட்டும் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம்.
பாய்க்கு ஒரு சொல்லும் புரியவில்லை.
எலும்போடவா, தனிக்கறியா
என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார்.
யார் என்று விசாரித்துச் சொல்லவும்.
அரை கிலோ எடுத்து வைத்திருந்தார், கடை மூடும் வரை.

உங்கள் மேட்ச் ஸ்கோரை
நீங்கள் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.